கணினி மாறினால் ஆட்டமும் ஏன் மாறுகிறது?

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் 55 எதிரிகள் வரிசை கட்டி மெதுவாக இறங்கி வருவார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறையும். குறையக் குறைய வேகம் கூடும். கடைசியாக மிஞ்சும் ஒருவன் திரையின் குறுக்கே பாய்ந்து ஓடுவான். அந்தப் பதற்றம்தான் கேமின் உயிர். ஆனால் அந்த வேக ஏற்றம் முதலில் யாரும் திட்டமிட்டு எழுதியதல்ல. உள்ளே இருந்த இன்டெல் 8080 புராசஸர் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நிரல் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை வரையப்படும் நேரத்துக்கு, ஓர் எதிரியை மட்டுமே நகர்த்தியது. 55 பேரும் ஓரடி நகர 55 ஃபிரேம், அதாவது கிட்டத்தட்ட ஒரு விநாடி. பத்துப் பேர் மிஞ்சினால் பத்தே ஃபிரேம். ஆட்கள் குறையும்போது வேகம் கூடுவதைக் கவனித்த உருவாக்குநர் தோமோஹிரோ நிஷிகாடோ, அது நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார்.

சரி, இதே கேமை இன்னும் வேகமான கணினிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அந்தக் கணினியால் 55 பேரையும் ஒரே ஃபிரேமில் நகர்த்த முடியும். அப்படி எழுதினால், எத்தனை பேரைச் சுட்டாலும் வேகம் மாறாது. எதிரியின் படமும் சத்தமும் திரையின் அமைப்பும் அச்சு அசலாக இருக்கும், பதற்றம் மட்டும் இருக்காது. போர்ட் செய்பவர், அதாவது கேமை வேறு கணினிக்கு மாற்றி எழுதுபவர், இதைக் கவனித்து, எத்தனை பேர் மிஞ்சினால் எவ்வளவு வேகம் என்று தானே கணக்குப் போட்டு எழுதியாக வேண்டும்.

பழைய கேம்களின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிடும்போது நாம் பெரும்பாலும் படங்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். இதில் எத்தனை நிறம், அதில் எத்தனை நிறம் என்று எண்ணுகிறோம். நிறம் இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. அந்தக் காலத்து கேம்களின் விதிகளில் ஒரு பகுதி நிரலில் எழுதப்படவே இல்லை. அது இயந்திரத்துக்குள் இருந்தது. நிரலை மாற்றி எழுதலாம், இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஒரு ஃபிரேமுக்குள் என்ன செய்ய முடியும்?

தொலைக்காட்சித் திரை விநாடிக்கு 50 அல்லது 60 முறை படம் வரைகிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிய வேண்டுமானால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும்: ஜாய்ஸ்டிக்கைப் பார்ப்பது, எதிரிகளை நகர்த்துவது, மோதலைக் கண்டுபிடிப்பது, பழைய படத்தை அழித்துப் புதியதை வரைவது. 1980-களின் வீட்டுக் கணினிகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

1982-இல் வந்த இரண்டு கணினிகளை எடுத்துக்கொள்வோம். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 புராசஸர். கமடோர் 64-இல் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6510. எண்ணைப் பார்த்தால் ஸ்பெக்ட்ரம் மூன்றரை மடங்கு வேகம் என்று தோன்றும். ஆனால் இசட்80 ஒவ்வொரு கட்டளைக்கும் அதிகக் கடிகாரத் துடிப்புகளைச் செலவிடுகிறது, அதனால் உண்மையான இடைவெளி அவ்வளவு பெரியதல்ல. பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கமடோரில் விஐசி-டூ என்ற தனிச் சில்லு உண்டு. எட்டு ஸ்பிரைட்களை (பின்னணி மேல் தனியே நகரும் சிறு படங்களை) அது தானே திரையில் வரையும், இடத்தை மட்டும் புராசஸர் சொன்னால் போதும், ஒன்றோடொன்று மோதினால் தானே சொல்லும். பின்னணியை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துவதற்கும் அதில் வசதி உண்டு. எட்டு பிக்சல் நகர்ந்த பிறகுதான் புராசஸர் கைவைக்க வேண்டும். அப்போதும் 40-க்கு 25 கட்டங்கள், ஆயிரம் எழுத்து பைட்களை இடம் மாற்றினால் போதும். நிறங்களுக்கு இன்னோர் ஆயிரம்.

ஸ்பெக்ட்ரமில் இவை எதுவும் இல்லை. திரைப் படம் 6,144 பைட், நிறங்களுக்கு 768 பைட், மற்றதெல்லாம் புராசஸரின் கைவேலை. ஒரு ஃபிரேமில் அதற்குக் கிடைப்பது 69,888 துடிப்புகள். நினைவகத்தில் ஒரு பகுதியை இன்னோரிடத்துக்கு நகர்த்தும் வழக்கமான கட்டளைக்கு பைட்டுக்கு 21 துடிப்பு. முழுத் திரையையும் ஒருமுறை நகர்த்த 1,29,024 துடிப்பு வேண்டும். இரண்டு ஃபிரேம்கள் கிட்டத்தட்ட அதிலேயே தீர்ந்துவிடும். எதிரிக்கும் ஹீரோவுக்கும் எதுவும் மிஞ்சாது. ஸ்டாக்கை (புராசஸர் தற்காலிகமாகத் தரவு வைக்கும் நினைவகப் பகுதியை) வைத்து ஒரு குறுக்குவழி உண்டு. அதில் செலவு பாதியாகும், இருந்தும் ஃபிரேமின் பெரும்பகுதி போய்விடும்.

ஸ்பெக்ட்ரம் கேம்கள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மேனிக் மைனரும் ஜெட் செட் வில்லியும் அறை அறையாக மாறும் கேம்கள். திரை நகராது, அடுத்த அறை சட்டென்று தோன்றும். அதனால் அங்கே ஆட்டம் ஒரு புதிர்போல ஆகிறது. அறைக்குள் எல்லாமே முதலிலேயே கண்ணுக்குத் தெரியும், எதிரி எந்தத் தடத்தில் போய் வருகிறான் என்று நின்று பார்க்கலாம், நேரம் பார்த்து ஓடலாம். திரை தொடர்ந்து நகரும் கேமில் அப்படியில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாமலே ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு திறமைகளைக் கேட்கின்றன.

நிறத்திலும் இதே கதைதான். ஸ்பெக்ட்ரமில் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்கள் மட்டுமே இருக்க முடியும். சிவப்பு எதிரியை மஞ்சள் ஹீரோ கடக்கும்போது ஒருவர் நிறம் மற்றவர் மேல் பூசிக்கொள்ளும். பலர் இதைத் தவிர்க்க ஆட்டக்களம் முழுவதையும் ஒற்றை நிறத்தில் வைத்தார்கள். 1984-இல் அல்டிமேட் நிறுவனம் வெளியிட்ட நைட் லோர் அப்படிப்பட்டது: ஓர் அறைக்கு ஒரே நிறம், ஆனால் சாய்கோணத்தில் முப்பரிமாணம்போலத் தெரியும் அறை, ஒன்றன் பின்னால் ஒன்று மறையும் பொருள்கள். நிறத்தை விட்டுக்கொடுத்து ஆழத்தை வாங்கினார்கள். அந்த ஒரு முடிவால் ஒரு கேம் வகையே ஸ்பெக்ட்ரமில் தழைத்தது.

கமடோர் எல்லாவற்றிலும் மேல் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பிரைட்டாலும் ஸ்க்ரோலாலும் (பின்னணியை நகர்த்துவதாலும்) தீராத வேலை வரும்போது அதன் 1 மெகாஹெர்ட்ஸ் பளிச்சென்று வெளியே தெரியும். 1987-இல் வந்த டிரில்லர், பரப்புகள் நிரப்பப்பட்ட உண்மையான முப்பரிமாணக் கேம். அதன் கமடோர் வடிவம் ஸ்பெக்ட்ரம் வடிவத்தைவிடத் தெளிவாக மெதுவானது. ஒரு காட்சி மாறக் காத்திருக்க வேண்டும். அந்த கேமில் நீங்கள் திரும்புவதும் நடப்பதும் குறி பார்ப்பதும் எல்லாமே புராசஸரின் கணக்கு வேலை. தனிச் சில்லால் உதவ முடியவில்லை.

உறவுக்காரக் கணினிகளின் சிக்கல்

ஒரே புராசஸர் இருந்தால் போர்ட் செய்வது எளிது, கேமும் ஒரே மாதிரி வரும் என்று நினைக்கத் தோன்றும். எளிது என்பது சரி. ஒரே மாதிரி வரும் என்பதுதான் தவறு.

1984-இல் வந்த ஆம்ஸ்ட்ராட் சிபிசி-யிலும் இசட்80 தான். எனவே பல வெளியீட்டாளர்கள் ஸ்பெக்ட்ரமுக்கு எழுதிய நிரலைக் கொஞ்சம் திருத்தி சிபிசி-யில் ஏற்றினார்கள். சிபிசி-யில் நான்கு நிறங்கள் கொண்ட திரை முறையில் ஒரு பிக்சலுக்கு இரண்டு பிட் வேண்டும். ஸ்பெக்ட்ரம் திரையின் அதே பரப்பு இங்கே 12,288 பைட், சரியாக இரண்டு மடங்கு. புராசஸர் வேகமோ பெயரளவில் 4 மெகாஹெர்ட்ஸ், நடைமுறையில் ஸ்பெக்ட்ரமின் அளவுதான். இரண்டு மடங்கு சுமையை அதே ஆள் தூக்கினால் நடை தளரத்தானே செய்யும்? ஆட்டம் மெதுவாகி, விசை அழுத்திக் கொஞ்சம் கழித்து ஹீரோ அசைந்தான். 27 நிறங்களிலிருந்து 16-ஐத் தேர்ந்தெடுக்கும் அருமையான இன்னொரு திரை முறை சிபிசி-யில் இருந்தும், இந்த அவசர போர்ட்கள் அதைத் தொடவேயில்லை. சிபிசி வைத்திருந்தவர்களுக்கு இதில் இருந்த ஆதங்கம் முழுக்க நியாயமானது. கணினியின் குறையென்று அவர்கள் பார்த்ததெல்லாம் வெளியீட்டாளர் மிச்சப்படுத்திய சில வாரங்கள்.

மாறாக, கொனாமியின் கோன்ட்ரா ஐரோப்பாவில் கிரைஸோர் என்ற பெயரில் சிபிசி-க்கு வந்தபோது, போர்ட் செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் மூல இயந்திரத்தில், திரை தொடர்ந்து நகரும். சிபிசி வடிவத்தில் அதைக் கைவிட்டு, திரை திரையாக மாறும்படி வைத்தார்கள். மிச்சமான நேரத்தில் 16 நிறமும் நல்ல வேகமும் கிடைத்தன. ஆர்கேடின் ஓட்டம் இதில் இல்லை. புதிய திரைக்குள் நுழைந்ததும் எவன் எங்கே நிற்கிறான் என்று நினைவில் வைத்து ஆடும் கேமாக அது மாறிவிட்டது. எனக்கு இது நேர்மையான போர்ட்டாகத் தெரிகிறது. எதை இழப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கும்படி விடாமல் அவர்களே தீர்மானித்தார்கள்.

எம்எஸ்எக்ஸ் கணினிகளிலும் இசட்80 தான். அங்கே திரை நினைவகம் தனியே வீடியோ சில்லோடு இருந்தது. புராசஸர் அதற்குள் ஒரு சிறு வாசல் வழியாக ஒவ்வொரு பைட்டாகத்தான் அனுப்ப முடியும். ஸ்பெக்ட்ரம் நிரலை அப்படியே கொண்டுவந்தால் அந்த வாசலிலேயே நெரிசல். அதே கணினியில் கொனாமி, ஆரம்பத்திலிருந்தே கட்டங்களையும் ஸ்பிரைட்களையும் வைத்து எழுதிய கேம்கள் சுறுசுறுப்பாக ஓடின. ஆனாலும் எம்எஸ்எக்ஸ் நெமெசிஸில் பின்னணி எட்டு எட்டு பிக்சலாகத் தாவித்தான் நகரும். குண்டுகளுக்கு நடுவே நூலிழையில் விமானத்தைச் செலுத்தும் கேமில், பின்னணி தாவுவது கண்ணுக்கு மட்டுமல்ல, கைக்கும் தெரியும்.

இதே தகராறு பிறகு அமிகாவுக்கும் அட்டாரி எஸ்டிக்கும் நடுவே வந்தது. இரண்டிலும் 68000 புராசஸர். எஸ்டி 8 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய அமிகா 7.09. அமிகாவில் படம் நகர்த்தவும் ஸ்க்ரோல் செய்யவும் தனி வன்பொருள் உண்டு, ஆனால் எஸ்டிக்கு எழுதியதை அப்படியே ஏற்றினால் அதெல்லாம் சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட கேம்கள் அமிகாவில் 16 நிறத்தோடு, எஸ்டியைவிடச் சற்று மெதுவாகவே ஓடின.

50-ஆ 60-ஆ?

ஒரே கணினி, ஒரே நிரல், நாடு மட்டும் வேறு என்றாலும் ஆட்டம் மாறும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தொலைக்காட்சி 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 50. ஒரு ஃபிரேமுக்கு இத்தனை பிக்சல் என்று நகரும் கேமை 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் போட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். 1991-இல் வந்த சோனிக் கேமின், சேகாவின் மெகா டிரைவ் கேம் இயந்திரத்துக்கான ஐரோப்பிய வடிவம் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. வேகத்தையே விற்ற கேம் அங்கே மெதுவாக ஓடியது, இசையும் இழுத்தது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சப்பையானது. ஐரோப்பாவில் அதை ஆடி வளர்ந்தவர்களுக்கோ அந்த வேகம்தான் சோனிக்.

சிலர் இதைத் திருத்த முயன்றார்கள். திருத்தினாலும் முழுதாகத் தீராது என்பதுதான் இதில் சுவையான விஷயம். என்இஎஸ் இயந்திரத்துக்கு நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் வடிவத்தில் தொடக்க நிலையில் ஒரு துண்டு ஒரு கட்டம் இறங்க 48 ஃபிரேம், அதாவது 0.8 விநாடி. ஐரோப்பிய வடிவத்தில் அதை 36 ஃபிரேம் ஆக்கினார்கள்: 0.72 விநாடி. கொஞ்சம் வேகம் கூடினாலும் அது பெரிதல்ல. மேலே போகப் போகத்தான் சிக்கல். 18-ஆம் நிலையில் ஒன்றில் 3 ஃபிரேம், மற்றொன்றில் 2. அதாவது கட்டத்துக்கு 50 மில்லிவிநாடி, 40 மில்லிவிநாடி. 19-ஆம் நிலையில் 60 ஹெர்ட்ஸ் வடிவம் 2 ஃபிரேமுக்கு வருகிறது, ஐரோப்பிய வடிவம் 1 ஃபிரேமுக்கு. விநாடிக்கு 30 கட்டம் ஒருபுறம், 50 கட்டம் மறுபுறம். அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நடுவே நிற்க இடமில்லை. அதனால் அமெரிக்க வடிவத்தில் 29-ஆம் நிலையில் வரும், ஃபிரேமுக்கு ஒரு கட்டம் என்னும் சுவர், ஐரோப்பிய வடிவத்தில் 19-லேயே வந்துவிடுகிறது. ஈடுகட்டுவதுபோல, விசையை அழுத்திப் பிடித்தால் துண்டு பக்கவாட்டில் நகரும் வேகம் விநாடிக்கு 10 கட்டத்திலிருந்து 12.5 ஆகக் கூடியது. இரண்டு வடிவங்களின் மதிப்பெண்களையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கையும் கண்ணும்

உள்ளீட்டுக் கருவியும் விதியின் ஒரு பகுதிதான். முதல் ஆப்பிள் டூ கணினியின் விசைப்பலகை, கடைசியாக அழுத்திய விசை எது என்று மட்டும் நிரலுக்குச் சொல்லும். விரலை எடுத்ததைச் சொல்லாது. அதனால் 1983-இன் லோட் ரன்னரை ஆப்பிளின் விசைப்பலகையில் ஆடினால், ஒருமுறை அழுத்தியதும் ஹீரோ ஓட ஆரம்பித்துவிடுவான். நிறுத்த இன்னொரு விசை வேண்டும். விசையைப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடுகிற வடிவத்துக்கு மாறும்போது, விளிம்பில் நிற்பது, குழி தோண்டத் திரும்புவது எல்லாமே வேறு பழக்கமாகிவிடும்.

கமடோர், அமிகா ஜாய்ஸ்டிக்குகளில் கேம்கள் நம்பியிருந்தது ஒரே ஒரு பட்டனை. சுடுவதற்கு அது போய்விட்டால் குதிக்க என்ன இருக்கிறது? ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். முன்னால் தாவுவதென்றால் சாய்வாகத் தள்ள வேண்டும். குதிப்பதற்குத் தனிப் பட்டன் வைத்த ஆர்கேடில் இரண்டு கைகளும் பிரித்துச் செய்த வேலையை இங்கே ஒரு கையே செய்கிறது. இதன் உச்சம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. ஆர்கேடில் ஆறு பட்டன்: குத்துக்கு மூன்று பலம், உதைக்கு மூன்று பலம். அமிகாவில் அதையெல்லாம் ஒரு பட்டனுக்குள் அடக்க முயன்றார்கள். எந்த அடி எப்போது என்பதே ஆட்டமான கேமில் அது பெரிய இழப்பு.

திரையின் வடிவமும் அப்படித்தான். பேக்-மேன் ஆர்கேட் திரை நெட்டுக்குத்தானது, 224-க்கு 288 பிக்சல். வீட்டுத் தொலைக்காட்சி அகலமானது. பாதைகளைக் குறுக்கியோ மாற்றியோதான் அதில் அடைக்க முடியும். ஆர்கேடில் பேய்கள் குறிப்பிட்ட விதிப்படி நகர்வதால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் வழித்தடங்களை மனப்பாடம் செய்து ஆடினார்கள். பாதை ஒரு கட்டம் மாறினாலும் அந்த மனப்பாடம் பயன்படாது. 1982-இல் அட்டாரி 2600-க்கு வந்த வடிவம் இன்னும் தள்ளிப் போனது. அந்த இயந்திரத்தில் இருந்தது 128 பைட் நினைவகமும் இரண்டு ஆட்டக்கார ஸ்பிரைட்களும்தான். நான்கு பேய்களை ஃபிரேமுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வரைந்தார்கள், அவை மினுங்கிக்கொண்டே இருந்தன. எந்தப் பேய் எங்கே என்று ஓரக்கண்ணால் பார்த்துத் திரும்ப வேண்டிய கேமில், அது பார்வைக்குறை மட்டுமல்ல, கஷ்ட அளவையே மாற்றும் விஷயம்.

கவனமின்மை கேமையே முடக்கிவிடுவதும் உண்டு. டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ் கேமின் டாஸ் (ஐபிஎம் பிசி) வடிவத்தில், மூன்றாம் கட்டச் சாக்கடைப் பகுதியில் ஓர் இடைவெளி உண்டு. மூல என்இஎஸ் வடிவத்தில் அது தடையே இல்லை. டாஸ் வடிவத்தில் சாதாரணத் தாவலால் அதைக் கடக்கவே முடியாது. ஏமாற்று வழி இல்லாமல் கேமை முடிக்க வழியில்லை.

வேகமே நிலையில்லாத கணினி

மற்ற கணினிகளில் ஒரு மாடல் என்றால் ஒரு வேகம். ஐபிஎம் பிசி உலகத்தில் அந்த நிம்மதி கிடையாது. முதல் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் வேகத்தை நம்பி எழுதிய கேம்கள் அடுத்து வந்த கணினிகளில் தறிகெட்டு ஓடின. பெட்டியின் முகப்பில் டர்போ பட்டன் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை வைத்து வேகத்தைக் குறைத்தும் ஆடலாம். 1990-இல் வந்த விங் கமாண்டர் கூட, பிறகு வந்த 486 கணினிகளில் கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் பறந்தது. நேரத்தைக் கணினியின் வேகத்திலிருந்து பிரித்து வைத்தவர்கள் தப்பினார்கள். 1993-இன் டூம் விநாடிக்கு 35 முறை மட்டுமே தன் உலகத்தை நகர்த்தும். கணினி அதற்கு மேல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் எதிரி வேகமாக ஓடமாட்டான்.

பிசியில் வழுக்கும் ஸ்க்ரோலே அபூர்வம். கமாண்டர் கீன் கேமில் நிரலாளர் ஜான் கார்மாக், மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரையும் உத்தியைக் கையாண்டு அதைச் சாத்தியமாக்கினார்.

இந்தச் சிக்கல் முழுவதையும் வேறு கோணத்தில் அணுகியவர் பிரான்சின் எரிக் ஷாஹி. 1991-இன் அனதர் வேர்ல்ட் கேமை அவர் எந்தக் கணினிக்கும் நேரடியாக எழுதவில்லை. கற்பனையான ஓர் இயந்திரத்துக்கு எழுதினார். அந்தக் கற்பனை இயந்திரத்தைப் போலச் செய்யும் சிறு நிரலை மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் புதிதாக எழுதினால் போதும். படங்களும் பலகோணங்களால் ஆனவை. விதிகளை இயந்திரத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. அதனால்தான் அது அத்தனை தளங்களுக்கும் போனது.

இன்று இந்த கேம்களையெல்லாம் எமுலேட்டரில், அதாவது பழைய இயந்திரத்தைப் போலச் செய்யும் மென்பொருளில், ஆடுகிறோம். எமுலேட்டரும் ஒருவகையில் போர்ட்தான், அதனால் அமைப்புகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆடுவது நல்லது. 50 ஹெர்ட்ஸ் கேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிப்பாகி ஸ்க்ரோல் திக்கும். திரையை 50-க்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஐரோப்பாவுக்காக எழுதிய கமடோர் கேமை அமெரிக்க அமைப்பில் ஓட்டாதீர்கள். அங்கே ஃபிரேமுக்குக் கிடைப்பது 17,095 துடிப்பு, ஐரோப்பிய இயந்திரத்தில் 19,656. அந்த வித்தியாசத்தில் சில கேம்கள் உடைந்தே போகும். நைட் லோரில் அறைக்குள் அசையும் பொருள்கள் கூடினால் ஹீரோவும் மெதுவாவான். அதைச் சரிசெய்து ஒரே வேகத்தில் ஓடவைத்தால், கூட்டமான அறைகளில் யோசிக்கக் கிடைத்த நேரம் போய்விடும். நான் அதைச் சரிசெய்யாமல் ஆடவே சொல்வேன். டாஸ்பாக்ஸ் என்ற பிசி எமுலேட்டரில் பழைய கேம் ஒன்றை ஆடும்போது, எத்தனை சைக்கிள் (எவ்வளவு வேகம்) என்பதை நாமே அமைக்கலாம், அதற்கு ஒரே சரியான எண் கிடையாது. அந்த கேம் வெளிவந்த ஆண்டில் பரவலாக இருந்த கணினி எது என்று பார்த்து, அதன் வேகத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம்.